வேலையை யார் தேடித் தருவது? ஆன்டியாக் கல்லூரியின் நூறாண்டுக் கதை

"எங்கள் மாணவர்களுக்கு நேரடி அனுபவம் தருகிறோம்" என்று சொல்லாத கல்லூரியை இன்றைக்குக் கண்டுபிடிப்பது கஷ்டம். விளம்பரத்தில் இன்டர்ன்ஷிப் இருக்கும், களப்பணி இருக்கும், தொழிற்சாலைக்குக் கூட்டிப்போன படம் இருக்கும். சரி, அந்த இன்டர்ன்ஷிப்பை யார் தேடித் தருகிறார்கள், அதற்குச் சம்பளம் உண்டா, முடித்துவிட்டு வரும் பிள்ளையோடு யாராவது உட்கார்ந்து பேசுகிறார்களா என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு அங்கேயே தடுமாறும். இந்த மூன்று கேள்விகளுக்கும் 1921-லேயே பதில் வைத்திருந்த ஒரு சின்னக் கல்லூரி அமெரிக்காவில் இருக்கிறது. ஓஹையோ மாநிலத்தில் யெல்லோ ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் உள்ள ஆன்டியாக் கல்லூரி. பொறியியல் கல்லூரியோ தொழிற்பயிற்சி நிலையமோ கிடையாது. இலக்கியம், வரலாறு, இசை, வேதியியல், நிலவியல் எல்லாம் ஒரே கூரையின் கீழ் படிக்கிற லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி. அது நோபல் பரிசாளரை உருவாக்கியது, இழுத்தும் மூடப்பட்டது, மறுபடியும் திறந்தது. ஏறியதற்கும் விழுந்ததற்கும் காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் முழுசாகவே எழுதுகிறேன்.

அணை கட்டிய ஆள்

கல்லூரி தொடங்கியது 1850-களில். முதல் தலைவர் ஹொரேஸ் மேன், அமெரிக்காவின் பொதுப்பள்ளி முறைக்கு அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர். 1853-ல் கதவு திறந்தபோதே ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே பாடத்திட்டம் என்று வைத்தார்கள். ரெபெக்கா பென்னல் என்ற பெண் பேராசிரியருக்கு ஆண் பேராசிரியர்களுக்கு இணையான பதவியும் சம்பளமும் கொடுத்தார்கள். அந்தக் காலத்துக்கு இது பெரிய விஷயம். ஆனால் பணம் மட்டும் என்றைக்கும் இருந்ததில்லை. உள்நாட்டுப் போர்க்காலத்தில் கொஞ்ச வருடம் மூடிக் கிடந்தது, 1880-களின் தொடக்கத்தில் மறுபடியும் மூடியது. இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது மூச்சு மட்டும் ஓடிக்கொண்டிருந்த கல்லூரி அது.

அங்கே வந்து சேர்ந்தவர் ஆர்தர் மார்கன். 1913 மார்ச்சில் கிரேட் மியாமி ஆறு பெருகி டேட்டன் நகரத்தையும் சுற்றுவட்டாரத்தையும் மூழ்கடித்தது, 360 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பள்ளத்தாக்கு முழுவதற்கும் வெள்ளத் தடுப்பு வேலையைத் திட்டமிட்டுக் கட்டிய பொறியாளர் இவர்தான். சாதாரண நாளில் ஆற்றை அப்படியே போகவிட்டு, வெள்ளம் வந்தால் மட்டும் தடுத்து நிறுத்தி மெதுவாக வெளியே விடுகிற ஐந்து உலர் அணைகள். 1922-ல் முடிந்தன, இன்றும் வேலை செய்கின்றன. அணை கட்டும் இடங்களில் தொழிலாளர் குடும்பங்களுக்கு வீடும் பிள்ளைகளுக்குப் பள்ளியும் சேர்த்துக் கட்டினார் என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன், ஏனென்றால் வேலை நடக்கிற இடத்திலேயே படிப்பும் நடக்கலாம் என்பது அவருக்கு அனுபவத்தில் வந்த விஷயம். இன்னொன்று, மார்கனுக்குக் கல்லூரிப் பட்டம் கிடையாது. நில அளவை செய்த அப்பாவிடமும், பிறகு வேலை செய்த இடங்களிலும் கற்றுக்கொண்டவர். அப்படிப்பட்டவர் 1919-ல் ஆன்டியாக்கின் அறங்காவலர் குழுவில் சேர்ந்தார், 1920-ல் கல்லூரித் தலைவர் ஆனார், 1921-ல் கோ-ஆப் முறையைத் தொடங்கிவிட்டார்.

கோ-ஆப் என்பது அவர் கண்டுபிடித்ததில்லை. ஹெர்மன் ஷ்னைடர் என்பவர் 1906-ல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் பொறியியல் மாணவர்களுக்காகத் தொடங்கியது: கொஞ்ச காலம் வகுப்பு, கொஞ்ச காலம் தொழிற்சாலை, மாறி மாறி. மார்கன் செய்தது அதை எல்லா மாணவர்களுக்கும் கட்டாயமாக்கியது. கவிதை படிக்கிறவரும் போக வேண்டும், தத்துவம் படிக்கிறவரும் போக வேண்டும். எதிர்காலத் தொழிலுக்குப் பழக்குவது அதில் ஒரு பகுதிதான். அதைவிட, பதினெட்டு வயதுப் பிள்ளை புது ஊரில் வாடகைக்கு அறை பிடித்து, நேரத்துக்கு எழுந்து, பிடிக்காத மேலாளரிடம் வேலை பார்த்து, சம்பளத்தில் மாதத்தை ஓட்டுவதையே கல்வியின் பாதி என்று அவர் எடுத்துக்கொண்டார்.

நடைமுறை எப்படி ஓடியது

ஒரு வேலைக்கு இரண்டு மாணவர்கள். ஒருவர் வேலையில் இருக்கும்போது இன்னொருவர் வகுப்பில் இருப்பார், பருவம் முடிந்ததும் இடம் மாறிக்கொள்வார்கள். முதலாளிக்கு அந்த நாற்காலி வருடம் முழுக்கக் காலியாகாது, அதனால் சும்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற மாணவர் என்று நினைக்காமல் உண்மையான வேலையைக் கொடுப்பார். கல்லூரிக்கும் லாபம்: எந்த நேரத்திலும் பாதிப் பேர் வெளியே இருப்பதால் இருக்கிற விடுதி அறைகளை வைத்துக்கொண்டே கிட்டத்தட்ட இரண்டு மடங்கு மாணவர்களைச் சேர்க்கலாம். பணமில்லாத கல்லூரிக்கு இது எவ்வளவு பெரிய வரம் என்று சொல்ல வேண்டியதில்லை. மாணவருக்குச் சம்பளம் வரும், கட்டணத்தில் ஒரு பகுதியை அதிலிருந்து கட்டலாம்.

இதையெல்லாம் தாங்கிப் பிடித்தது, வேலை தேடுவதைக் கல்லூரியே தன் தலையில் ஏற்றுக்கொண்டதுதான். அதற்கென்றே ஆசிரியர்கள் இருந்தார்கள். நிறுவனங்களுக்கு எழுதுவது, நேரில் போய்ப் பேசுவது, எந்த மாணவருக்கு எந்த இடம் பொருந்தும் என்று பார்ப்பது, சரிவராத இடத்தைப் பட்டியலிலிருந்து நீக்குவது எல்லாம் அவர்கள் வேலை. நம்முடைய பிளேஸ்மென்ட் செல் மாதிரி ஒரு மூலையில் இருக்கிற அலுவலகமாக இல்லாமல், பேராசிரியர் வரிசையிலேயே அவர்களுக்கு இடம் கொடுத்தார்கள். திரும்பி வந்த மாணவர் தான் என்ன செய்தார், என்ன புரிந்தது என்று எழுதிக் கொடுக்க வேண்டும், முதலாளியின் மதிப்பீடும் வரும், இரண்டையும் வைத்துக்கொண்டு ஆசிரியர் பேசுவார். அப்பாவுக்கு யாரையும் தெரியாத வீட்டுப் பிள்ளைக்கும் நியூயார்க்கிலோ சிகாகோவிலோ ஒரு நல்ல இடம் கிடைக்கும் என்பதற்கு இந்த ஏற்பாடுதான் உத்தரவாதம். நேரடிக் கற்றல் என்ற பேச்சில் என்னை இந்தக் கல்லூரியின் பக்கம் இழுத்தது இதுதான். சொந்தபந்தத்தில் ஆளிருக்கிற பிள்ளை எந்தக் கல்லூரியில் படித்தாலும் இன்டர்ன்ஷிப் வாங்கிவிடும். ஆளில்லாத பிள்ளைக்குக் கல்லூரிதான் ஆள்.

வளாகத்துக்குள்ளேயும் இதே மனப்பான்மை. மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து கல்லூரி விவகாரங்களை நடத்துகிற சமூக ஆட்சி முறை 1920-களிலேயே வந்துவிட்டது. 1929-ல் ஹியூ டெய்லர் பிர்ச் என்பவர் மகள் ஹெலனின் நினைவாகக் கொடுத்த காட்டுப் பகுதி, க்ளென் ஹெலன், வளாகத்தை ஒட்டியே இருந்தது, பின்னாளில் 1,000 ஏக்கர் வரை விரிந்தது. உயிரியலும் நிலவியலும் படிக்கிறவர்களுக்கு வாசலைத் தாண்டினால் களம்.

என்ன விளைந்தது

மரியோ கபெக்கி 1937-ல் இத்தாலியின் வெரோனாவில் பிறந்தவர். போர்க்காலத்தில் சின்ன வயதிலேயே தெருவில் அலைந்து பிழைத்த பிள்ளை. போர் முடிந்ததும் தாயோடு அமெரிக்கா வந்து சேர்ந்தார். ஆன்டியாக்கில் வேதியியலும் இயற்பியலும் படித்து 1961-ல் பட்டம் வாங்கினார். கோ-ஆப் வேலைகளில் ஒன்று அவரை எம்.ஐ.டி.யில் அலெக்சாண்டர் ரிச்சின் ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. மூலக்கூறு உயிரியல் அப்போதுதான் பிறந்துகொண்டிருந்த துறை, எந்தப் பாடப்புத்தகத்திலும் ஒழுங்காக ஏறவில்லை. பட்டம் வாங்குவதற்கு முன்னாலேயே அந்தத் துறை உருவாகிற அறைக்குள் நின்றிருந்தார். அங்கிருந்து ஹார்வர்டில் ஜேம்ஸ் வாட்சனிடம் முனைவர் பட்ட ஆய்வு, 2007-ல் எலிகளில் குறிப்பிட்ட மரபணுவை மாற்றும் முறைக்காக நோபல். எல்லாவற்றையும் கோ-ஆப்பின் கணக்கில் எழுதிவிட முடியாது, ஆனால் ஒரு சின்ன ஊர்க் கல்லூரி மாணவர் சரியான நேரத்தில் சரியான ஆய்வகத்தில் இருந்ததற்கு அந்த ஏற்பாடுதான் காரணம்.

இன்னொரு விளைவு ஊருக்கே கிடைத்தது. மார்கனின் மகன் எர்னஸ்ட், மாணவராக இருந்தபோதே 1926-ல் புத்தகத்தின் உள்ளட்டையில் உரியவர் பெயரோடு ஒட்டுகிற சீட்டுகளை அச்சிடும் ஒரு சிறு தொழிலைத் தொடங்கினார், அது பல பத்தாண்டுகள் நின்ற நிறுவனமானது. 1948-ல் ஆன்டியாக்கோடு தொடர்புள்ளவர்கள் சேர்ந்து யெல்லோ ஸ்பிரிங்ஸ் இன்ஸ்ட்ருமென்ட் கம்பெனியைத் தொடங்கினார்கள். அதே ஊரில் ஆன்டியாக்கின் பழைய மாணவர், 1941-ல் பட்டம் வாங்கிய லேலண்ட் கிளார்க், இரத்தத்தில் ஆக்சிஜனை அளக்கும் மின்முனையை 1950-களில் உருவாக்கினார். 1962-ல் அதன் மேல் ஒரு நொதிப் படலத்தைச் சேர்த்தால் குளுக்கோஸையும் அளக்கலாம் என்று காட்டினார். அந்தக் கொள்கையை வைத்து 1975-ல் இரத்தச் சர்க்கரை அளக்கும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது அந்த ஊர்க் கம்பெனிதான். இன்றைக்கு நம் வீடுகளில் விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கிற மீட்டரின் வம்சாவளியைத் தேடிப் போனால் இங்கே வந்து நிற்கும். கல்லூரியும் பட்டறையும் ஆய்வகமும் நடந்து போகிற தூரத்தில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

கொரெட்டா ஸ்காட்டுக்கு மறுக்கப்பட்டது

இவ்வளவு நல்லதைச் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் போகக்கூடாது. அலபாமாவிலிருந்து வந்த கொரெட்டா ஸ்காட், பின்னாளில் மார்ட்டின் லூதர் கிங்கின் மனைவி, கல்வியியலும் இசையும் படித்து 1951-ல் ஆன்டியாக்கில் பட்டம் வாங்கியவர். அவருடைய அக்கா ஈடித் அதற்கு முன்பே அங்கே சேர்ந்து, கறுப்பின மாணவர்களுக்கு வழி திறந்தவர். ஆசிரியர் பயிற்சிக்காகப் பள்ளியில் பாடம் எடுத்தே ஆக வேண்டும், அது படிப்பின் கட்டாயப் பகுதி. யெல்லோ ஸ்பிரிங்ஸின் பொதுப்பள்ளி நிர்வாகம் கறுப்பினத்தவரை ஏற்க முடியாது என்று மறுத்துவிட்டது. அவர் கல்லூரித் தலைவரிடம் முறையிட்டார், கல்லூரி அவருக்காகச் சண்டை போடவில்லை. பக்கத்து ஊரில் கறுப்பினக் குழந்தைகளுக்கான தனிப் பள்ளிக்குப் போகலாம், இல்லையென்றால் கல்லூரியே நடத்துகிற பள்ளியில் பயிற்சியை முடிக்கலாம் என்றார்கள். பிரித்து வைக்கப்பட்ட பள்ளிக்குப் போக மறுத்து, கல்லூரியின் பள்ளியிலேயே முடித்தார்.

வகுப்பறைக்குள் கல்லூரி சமத்துவம் கொடுக்கலாம், அது அதன் கையில் இருக்கிறது. மாணவரை வெளியே அனுப்பும்போது வெளியுலகத்தின் பாகுபாடும் பாடத்திட்டத்துக்குள் வந்துவிடுகிறது. அந்த இடத்தில் "அவர்கள் மறுத்துவிட்டார்கள், நாங்கள் என்ன செய்வது" என்று சொல்கிற கல்லூரி, மதிப்பெண் பட்டியலில் அந்தப் பாகுபாட்டுக்குக் கையெழுத்துப் போடுகிறது. ஆன்டியாக்கின் மேல் எனக்கு எவ்வளவு மரியாதை இருந்தாலும், அன்றைக்கு அது செய்தது தவறு. சாதி பார்த்தும் மதம் பார்த்தும் பயிற்சி இடம் மறுக்கப்படுகிற சூழலில் மாணவர்களை அனுப்புகிற எந்தக் கல்லூரிக்கும் இந்தக் கேள்வி இன்றும் அப்படியே நிற்கிறது.

காந்திகிராமம் வரை வந்த இழை

மார்கன் 1933-ல், அணைகள் கட்டி மின்சாரம் கொடுக்க அமெரிக்க அரசு அமைத்த டென்னஸி பள்ளத்தாக்கு ஆணையத்தின் முதல் தலைவராகப் போனார், 1936-ல் ஆன்டியாக்கின் தலைமையை விட்டார். நமக்கு முக்கியமானது அதற்குப் பிறகு வருகிறது. சுதந்திர இந்தியா 1948-ல் ராதாகிருஷ்ணன் தலைமையில் பல்கலைக்கழகக் கல்வி ஆணையத்தை அமைத்தபோது அதன் உறுப்பினர்களில் ஒருவர் இந்த ஆர்தர் மார்கன். லட்சுமணசாமி முதலியார், ஜாகிர் உசேன், மேகநாத் சாகா ஆகியோரும் அதில் இருந்தார்கள். 1949-ல் வந்த அறிக்கையில் கிராமப் பல்கலைக்கழகங்கள் வேண்டும் என்று ஒரு பகுதி உண்டு, அதில் மார்கனின் பங்கு பெரியது. காந்தியின் ஆதாரக் கல்வி ஏற்கனவே நம்மிடம் இருந்தது, கையால் செய்து கற்பது நமக்கு அமெரிக்கா சொல்லித் தர வேண்டிய விஷயமில்லை. மார்கன் அந்த எண்ணத்தைப் பள்ளியிலிருந்து பட்டப்படிப்பு வரை நீட்டுவதற்குத் தன் அனுபவத்தைக் கொண்டுவந்தார்.

1956-ல் மத்திய அரசின் திட்டத்தில் கிராமிய உயர்கல்வி நிலையங்கள் தொடங்கின. தமிழ்நாட்டில் கோவை பெரியநாயக்கன்பாளையத்தில் ஒன்று, திண்டுக்கல் பக்கத்தில் சின்னாளப்பட்டியை ஒட்டிய காந்திகிராமத்தில் ஒன்று. டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-ல் தொடங்கிய காந்திகிராமம் 1976-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. மாணவர்கள் ஒரு கிராமத்தில் போய்த் தங்கி, வீடு வீடாகக் கணக்கெடுத்து, ஊர்க்காரர்களோடு சேர்ந்து வேலை செய்கிற கிராமத் தங்கல் திட்டம் அங்கே பாடத்திட்டத்தில் உண்டு. ஆன்டியாக்கைப் போல இதுவும் விருப்பமிருந்தால் போகலாம் என்று விடாமல் படிப்புக்குள்ளேயே கட்டிப்போட்ட ஏற்பாடு.

ஏன் மூடினார்கள்

1960-களில் கல்லூரி நன்றாக இருந்தது. அப்புறம் விரிய ஆரம்பித்தது. மற்ற ஊர்களில் கிளைகள், முதுகலைப் படிப்புகள், வேலை செய்யும் பெரியவர்களுக்கான மையங்கள் என்று நாடு முழுக்க முளைத்தன. சிலது அருமையான முயற்சிகள். 1972-ல் எட்கர் கான், ஜீன் கேம்பர் கான் தம்பதி வாஷிங்டனில் தொடங்கிய ஆன்டியாக் சட்டக் கல்லூரியில் மாணவர்கள் முதலில் ஏழைக் குடும்பங்களோடு தங்கிவிட்டுத்தான் சட்டம் படிக்க ஆரம்பித்தார்கள், ஏழைகளின் வழக்குகளை எடுத்து நடத்தியே கற்றார்கள். 1988-ல் அதுவும் மூடியது, அதன் தொடர்ச்சியாக வாஷிங்டனின் பொதுப் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளி இன்றும் இருக்கிறது.

தாய்க் கல்லூரியில் 1973-ல் நிதி உதவி குறைக்கப்படும் என்ற அச்சத்தில் மாணவர் வேலைநிறுத்தம் வெடித்து வாரக்கணக்கில் வளாகம் முடங்கியது. சேர்க்கை சரிந்தது, அந்த அடியிலிருந்து கல்லூரி முழுசாக எழவில்லை. 1978-ல் மொத்த அமைப்பும் ஆன்டியாக் பல்கலைக்கழகம் என்று பெயர் மாற்றிக்கொண்டது, தாய்க் கல்லூரி அதன் பல கிளைகளில் ஒன்றாகிப்போனது. வைப்பு நிதி சொற்பம். பழைய மாணவர்களில் நிறையப் பேர் ஆசிரியர்கள், சமூகப் பணியாளர்கள், கலைஞர்கள், கோடி கோடியாகத் திருப்பிக் கொடுக்கிற கூட்டமில்லை. 2007 ஜூனில் பல்கலைக்கழகத்தின் அறங்காவலர்கள் கல்லூரியை நிறுத்தி வைக்கப்போவதாக அறிவித்தார்கள், 2008 நடுவில் மூடியே விட்டார்கள்.

கோ-ஆப்பும் இந்தச் சரிவில் ஒரு காரணமா? ஒரு பங்கு உண்டு என்றே எனக்குத் தோன்றுகிறது. பாதிப் பேர் எப்போதும் வெளியே இருக்கிற வளாகத்தில் நட்பும் சங்கமும் பருவத்துக்குப் பருவம் கலைந்துகொண்டே இருக்கும், பொறுப்பில் இருக்கிறவர் பாதியில் வேலைக்குப் போய்விடுவார். வேலை தேடித் தருகிற ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், ஆள் குறைந்தால் வேலைகளின் தரம் குறையும், அது உடனே வெளியே தெரியவும் செய்யாது. இன்னொரு பக்கம், இன்டர்ன்ஷிப் என்பது எல்லாக் கல்லூரிகளிலும் பரவி, பெரும்பாலும் சம்பளமில்லாமல் மாணவரே தேடிக்கொள்கிற சமாச்சாரமாக ஆனதும், "இங்கே மட்டும்தான் கிடைக்கும்" என்று சொல்ல ஆன்டியாக்கிடம் இருந்தது மங்கிப்போனது. ஆனால் கொன்றது கோ-ஆப் என்று சொல்கிறவர்களோடு நான் ஒத்துப்போகமாட்டேன். தன் தலைவிதியைத் தானே முடிவு செய்கிற அதிகாரத்தைக் கல்லூரி இழந்ததும், சேமிப்பே இல்லாமல் பல கிளை விட்டதும்தான் அடிவேரை அறுத்தன.

மறுபடியும்

மூடிய பிறகு ஆசிரியர்கள் சும்மா போகவில்லை. நான்ஸ்டாப் என்று பெயர் வைத்து, ஊரில் இருக்கிற வீடுகளிலும் தேவாலயங்களிலும் கிடைத்த இடங்களிலும் வகுப்பு எடுத்துக்கொண்டே இருந்தார்கள். அங்கீகாரமும் கிடையாது, கட்டடமும் கிடையாது. பழைய மாணவர்கள் பணம் திரட்டி 2009-ல் பல்கலைக்கழகத்திடமிருந்து வளாகத்தையும் கல்லூரியின் பெயரையும் திரும்ப வாங்கினார்கள். 2011-ல் 35 மாணவர்களோடு கதவு திறந்தது. அங்கீகாரமில்லாத கல்லூரியை நம்பி வருகிறவர்களிடம் காசு கேட்கக்கூடாது என்பதுபோல, முதல் சில வருடம் சேர்ந்தவர்கள் எல்லோருக்கும் கல்விக் கட்டணம் முழுக்கத் தள்ளுபடி. 2015-ல் முதல் அணி பட்டம் வாங்கியது, 2016-ல் அங்கீகாரம் வந்தது.

புதிய பாடத்திட்டத்தை எழுதியபோது கோ-ஆப் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருக்காமல் அதைத்தான் நடுவில் வைத்தார்கள். படிப்புக் காலத்தில் பல காலாண்டுகள் முழுநேர வேலை, கோ-ஆப் ஆசிரியர்கள், திரும்பி வந்ததும் எழுதிச் சமர்ப்பிக்கும் கட்டுரை என்று பழைய எலும்புக்கூடு அப்படியே இருந்தது. பணக் கஷ்டம் தீரவில்லை, மாணவர் எண்ணிக்கையும் சின்னதுதான். கல்லூரியில் பிறந்த டபிள்யூ.ஒய்.எஸ்.ஓ. வானொலி 2019-ல் தனி அமைப்பாகப் பிரிந்தது. 2020-ல் க்ளென் ஹெலன் காடும் அதைப் பராமரிக்கிற சங்கத்தின் கைக்குப் போனது. வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் கோ-ஆப்பையும் சுருக்கி மாணவர் பாட்டுக்குத் தேடிக்கொள்ளட்டும் என்று விட்டால் செலவு மிச்சம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். வானொலியையும் காட்டையும் கொடுத்துவிட்டு இதைக் கையில் வைத்துக்கொண்டது சரியான கணக்கு என்றுதான் நான் நினைக்கிறேன். காட்டுக்குள் மாணவர்கள் இன்னும் போய்ப் படிக்கலாம், வானொலி இன்னும் ஒலிக்கிறது. தூரத்து ஊரில் ஒரு மாணவருக்கு இடம் பேசித் தருகிற ஆசிரியரை வேலையை விட்டு அனுப்பிவிட்டால் அந்த இடத்தை வேறு யாரும் பேசித் தரமாட்டார்கள்.